கூரியர்காரரை வெறுங்கையோட அனுப்பிடு

மருமகளே, தலைவலி விட்டுச்சா? அசந்து தூங்கினே, எழுப்ப மனசு வரல. நான் பல் டாக்டர்கிட்ட போறேன். சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன், சுட வச்சு சாப்பிடு.

நீ வாங்கிக் குடுத்த ஹெட்போனைத் திருப்பி எடுத்துக்க மதியம் கூரியர்காரர் வருவாரு. வேணாம்னு சொல்லி அனுப்பிடு. பாட்டு என்னமோ தகரத்தைத் தட்டுற மாதிரிதான் கேக்குது, காதையும் நண்டு மாதிரி கவ்வுது. அதுல நான் சொன்னது சொன்னதுதான்!

ஆனா "போன்ல நான் கத்துறேன்னு குத்திக்காட்டத்தானே வாங்கினே?"ன்னு நேத்து உன்கிட்ட எகிறினேன் பாரு. இன்னைக்குக் காலைல அதை மாட்டிக்கிட்டு என் தங்கச்சிகிட்ட பேசினேன். அவ பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி அவ்வளவு தெளிவு. நானும் என்னையறியாம மெதுவா பேசியிருக்கேன் போல. "என்னக்கா, இன்னைக்குத் திட்டாம பேசுறே?"ங்கிறா! நான் எங்கடி உன்னைத் திட்டினேன்னு கேட்டா, விழுந்து விழுந்து சிரிக்கிறா.

அதான், இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்.

அத்தை

சொல்ல மறந்துட்டேன், வெளியே போனா சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வை.

இன்னொண்ணு. கோவம் போச்சா இல்லையான்னு ஒரு வரி அனுப்பு. போனே பண்ணினாலும் சரி, ஹெட்போன் என் பையிலதான் இருக்கு. கத்த மாட்டேன்.