பாதி ரொட்டியும் என் முழுச் சந்தேகமும்

பக்கத்து வீட்டில் இன்று கொய்யாப்பழ ஜாம் காய்ச்சுகிறார்கள். பொம்மனஹள்ளியில் எங்கள் ஜன்னலுக்கும் அவர்கள் அடுப்புக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். வாசனை உள்ளே வந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே பழைய கேள்வியும் வந்தது. இவன் எதற்காக எனக்கு ரொட்டியில் பாதி கொடுக்கிறான்?

நாம் பி.ஏ. தத்துவம் படித்த தொண்ணூறுகளில் அந்த வகுப்பு முழுக்க உன்னைப் போன்ற குருமடத்துப் பையன்கள். சர்ச்சில் சாமியார் ஆவதற்கு முன் தத்துவம் படித்தாக வேண்டும் என்பதால் வந்தவர்கள். எல்லோரையும் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெளியாள் நான் ஒருவன். அதுவும் ஜீவனஹள்ளியிலிருந்து வந்த பௌத்த வீட்டுப் பையன். விருப்பப்பட்டுத்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. முதல் நாள் மதியம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, குருமடத்தில் கொடுத்தனுப்பிய ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினாய். தோட்டத்துக் கொய்யாவில் நீங்களே செய்த ஜாம் என்றாய். வாங்கிச் சாப்பிட்டேன். சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன்.

ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு மதத்த உட்டு வெளிய வர்றதுக்கு உங்க தாத்தாவுக்குப் பாதி ஆயுசு போச்சு. நீ ரொட்டிக்கு இன்னொண்ணுல போயி விழாத. ரொட்டியத் துன்னு, பேச்சக் கேக்காத."

அன்றிலிருந்து, நீ எப்போது ஆரம்பிப்பாய் என்று காத்திருந்தேன். நீ ஆரம்பிக்கவே இல்லை. கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களை நடத்திய வகுப்பில் நான் எழுந்து, இதெல்லாம் சுத்தப் பொய் என்றேன். மற்ற பிரதர்கள் பாய்ந்தார்கள். நீ மட்டும், "பொய்யின்னா எந்த ஸ்டெப்புல தப்பு? அதச் சொல்லு மச்சா" என்றாய். அன்று லைப்ரரியில் என்கூட உட்கார்ந்து அந்தத் தப்பை நீயே தேடினாய். சாமியாராகப் போகிறவன் கடவுளுக்கு எதிராக எனக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறான்! இது சாதாரணத் தந்திரம் இல்லை என்று முடிவு கட்டினேன்.

கடைசி வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் கேட்டே விட்டேன்.

"எப்ப ஆரம்பிக்கப் போற?"

"எத?"

"என்ன மதம் மாத்தறத."

நீ சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினாய்.

"நான் உன்ன எங்க குருமடத்து ரெக்டர் ஃபாதர் வேவு பாக்க வெச்ச ஆளுன்னு நெனச்சினு இருந்தேன். வந்த நாள்லருந்து 'நெஜமா நம்புறியா, நெஜமா நம்புறியா'ன்னு என்னையே நோண்டினு இருக்க. எங்கள்ல ஒருத்தன் வாய் தவறி இல்லன்னு சொன்னா, பெட்டியக் கட்டிக்கினு ஊருக்குப் போவணும்."

"அப்புறம் எதுக்கு ரொட்டி குடுத்த?"

"ரிப்போர்ட் எழுதுனா நல்லபடியா எழுதுவன்னுதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் ஏறியதும் எனக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. நீ சொன்னது விளையாட்டா, நிஜமா? நட்பு என்று நான் நினைத்ததெல்லாம் உன் பயம்தானா? மறுநாளும் பாதி ரொட்டியை நீட்டினாய். கேட்டால் அது நின்றுபோய்விடுமோ என்று பேசாமல் சாப்பிட்டேன்.

நீ சாமியாரானாய். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். மற்றவர்கள் போனில் பேசுவதைக் கேட்டு, எங்கே மழுப்புகிறார்கள், எங்கே புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. "பாத்தியா, படிச்ச படிப்பு வீணாப் போவல" என்று நீ கிண்டல் செய்தாய்.

போன வருஷம் மூளைக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் என் பேரைக் கேட்டதும் உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? தம்பி தெனம் பூசையில உங்க பேரச் சொல்லி வேண்டிக்குவான்."

கடைசியில் மாட்டிக்கொண்டாயடா என்றுதான் முதலில் தோன்றியது. ஆரம்பிக்கவே இல்லை என்று நான் நினைத்திருக்க, எனக்குத் தெரியாமல் தினமும் வேலை நடந்திருக்கிறது.

"என்னன்னு வேண்டிக்குவான்கா?"

"நானும் கேட்டேன். 'அவன் ஒருநாள் சந்தேகப்பட்டுக்கினு வந்து கேப்பான், அவங்கிட்டயே சொல்லிக்கறேன்'னு சிரிச்சான்."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

இன்றைக்கும் யார் எதை நீட்டினாலும் முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன். சற்றுமுன் பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தில் சூடாக ஜாம் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை, வாங்கிக்கொண்டேன். ரொட்டியை எடுத்து, பழைய பழக்கத்தில் இரண்டாகப் பிய்த்துவிட்டேன். உன் பாதி தட்டில் இருக்கிறது. நீ சொன்னபடியே சந்தேகப்பட்டுக்கொண்டுதான் கேட்கிறேன். எனக்காக என்னடா வேண்டிக்கொண்டாய்?