முதல் சுற்றில் நான் செய்தது

என் ஜெயா அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. பேப்பரில் ஒரு வரி வந்தது: முன்னாள் தேசிய சாம்பியன் மீனாவின் அக்கா, ஹெப்பகோடி சாலை விபத்தில் பலி. ஒரு காலத்தில் என்னைத்தான் உன் தங்கை என்று போடுவார்கள்.

எண்ணூறு மீட்டரில், அந்த இரண்டு சுற்று ஓட்டத்தில், உன்னை யாராலும் தொட முடியாது. விடியற்காலையில் நீலசந்திரா வீட்டில் என்னையும் எழுப்பி ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போவாய். எல்லாப் பந்தயத்திலும் ஒரே ஏற்பாடு. நான் முன்னால் ஓடி எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வேன். கடைசி இருநூறு மீட்டரில் நீ என்னைத் தாண்டுவாய்.

தேசிய முகாமுக்கான தேர்வு வந்தது. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். அதற்குப் பத்து நாள் முன்பு உன் கால் எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. கோச்சிடம் மறைத்தாய். அம்மாவிடம் மறைத்தாய். என்னிடம் மட்டும் சொன்னாய்.

"மீனா, முதல் ரவுண்டை மெதுவா இழுடி. அறுபத்தெட்டு செகண்ட்ல போ, கால் தாங்கும். கடைசியில பல்லைக் கடிச்சுட்டு ஓடிடறேன். ரெண்டு பேருமே உள்ள போயிடலாம்."

"சரிக்கா" என்றேன்.

அறுபத்தொன்றில் ஓடினேன்.

மெதுவாகப் போனால் மற்ற பெண்கள் கடைசியில் என்னை முந்திவிடுவார்கள் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. மீதி என்ன என்று உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு முறை நீ எனக்குப் பின்னால் வர வேண்டும் என்று நினைத்தேன்.

நீ விட்டுவிட்டிருக்கலாம். ஏன் துரத்தினாய்? இரண்டாவது சுற்றில், பாதி தாண்டியதும், எலும்பு முறிகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஓடியதுபோல் அதற்குமுன் நான் ஓடியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றுதான். "டைம் என்னடி?"

சொன்னேன்.

"நல்ல டைம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதன்பிறகு நான் நான்கு முறை தேசியத் தங்கம் வாங்கினேன். வேலை வந்தது. வைட்ஃபீல்டில் வீடு வந்தது. உன் கால் கோணலாகத்தான் சேர்ந்தது. ஹெப்பகோடி கம்பெனியில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விபத்து நடந்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். உன் கம்பெனி செக்யூரிட்டி அருகில் வந்தார்.

"தண்ணி டேங்கர் ஹார்ன் அடிச்சுட்டேதான் வந்தான் மேடம். ரோடு தாண்டிட்டிருந்த மத்தவங்க ஓடிட்டாங்க. அக்காவுக்கு ஓட ஆகலை."

அவருக்கு நான் யாரென்று தெரியாது.

நேராக அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா. உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு அவ தலையில கை வெச்சு சத்தியம் பண்ண வெச்சா. கேட்டா நீ ஓடறதை விட்டுடுவியாம். ஒருத்தியாவது ஓடட்டும்னா."

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஒவ்வொரு மெடலா மாட்டிட்டு வந்து வாசல்ல நிப்பே. திருஷ்டி சுத்திப் போட்டேன். உன் மொகத்தைப் பார்த்தது கிடையாது." பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்: "இப்ப எதுக்கு சொல்றே? உனக்குத் தூக்கம் வரணுமா?"

அக்கா, இந்தக் கடிதமும் அதற்குத்தானா?

அடுத்த ஞாயிறு தடகள சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா. அம்மா வரமாட்டாள். உன்னோடு வேலை செய்த பெண்களைக் கூப்பிட்டிருக்கிறேன். மைக்கைக் கொடுத்ததும் அவர்களைப் பார்த்து அந்த முதல் சுற்றைச் சொல்வேன். பந்தய விதிப்படி அதில் தப்பே இல்லை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். தலையாட்ட மாட்டேன். அதற்குள் பயந்து பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் படிக்கும்படி இதை முன்பே பேப்பருக்கு எழுதி அனுப்புகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீ கொடுத்துவிடுவாய்.

உன் கூடப் பிறந்தவள்,
மீனா