மூச்சு விடுற எடம்

செப்டம்பர் 11, 06:00
சூரிய ஆய்வு நிலையம், மலை உச்சி. வெப்பம் 14 டிகிரி. கருவிகள் சரி. பணியில் இருவர்: விஞ்ஞானி நாச்சம்மை, அதாவது நான், மின்பணியாளர் காத்தவராயன், சமையலும் அவரே. ஜீப் கீழே ரிப்பேருக்குப் போயிருக்கிறது. சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம். நேற்று வைத்த ரசம் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 12, 16:40
13:05க்கு சூரியப் புயல் தாக்கியது. பூமியின் காந்தப்புலம் குலுங்கினால் நீளமான கம்பிகளில் தானாக மின்சாரம் ஓடும். எங்கள் இரண்டு கிலோமீட்டர் அளவீட்டுக் கம்பியிலும் ஓடியது. அப்போது அது காத்தவராயன் கையில் இருந்தது.

நாற்பது நிமிடம் அவர் வாயில் மூச்சு ஊதினேன். பலனில்லை.

செல்போன் சிக்னல் இங்கே கிடையாது. வயர்லெஸ் எரிந்துவிட்டது. கைரேடியோவில் கேட்க மட்டும் முடிகிறது. எனக்கு அழுகை வரவில்லை. அதையும் குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 13, 17:50
காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவரைப் புதைத்தேன். மாலையில் தொலைநோக்கி வழியே சூரியனைக் காகிதத்தில் விழவைத்துப் பார்த்தேன். கரும்புள்ளி மேல் வெள்ளைத் தீற்றல். இன்னொரு புயல் கிளம்பிவிட்டது. மூன்று முறை கணக்குப் போட்டேன். நாளை 15:10, பத்து நிமிடம் முன்பின்.

செப்டம்பர் 14, 09:00
ரேடியோவில் வந்தது, அப்படியே எழுதுகிறேன்:

"காத்தவராயண்ணே, முபாரக் பேசுறேன், பவர் ஹவுஸ்ல இருந்து. கேக்குதாண்ணே? ரெண்டு நாளா சத்தத்தையே காணோம். முந்தாநாள் வெடிச்ச டிரான்ஸ்பார்மரத் தூக்கிட்டுப் புதுசு வெச்சாச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு லைன் சார்ஜ் பண்றோம். ஆறு பேரும் பக்கத்துலதான் நிப்போம். மதினியும் இங்கதான் இருக்கு, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

மூன்று மணிக்கு லைனில் மின்சாரம் விடுவார்கள். பத்து நிமிடத்தில் புயல் வரும். அதுவும் வெடிக்கும். ஆறு பேர்.

பவர் ஹவுஸ் இருபத்தெட்டு கிலோமீட்டர். நடந்தால் ஏழு மணி நேரம். ஷெட்டில் காத்தவராயனின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் நிற்கிறது. கிக்கரை உதைத்துக் கிளப்புகிற வண்டி, பேட்டரி வேண்டாம். ஜீப் வந்த பிறகு பதினொரு மாதமாக யாரும் தொடவில்லை.

10:20
முப்பது உதை. ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் வைத்து உதைத்தேன். பொறி இல்லை. பொறிக்கு மின்சாரம் தரும் பாயிண்டில் பாசி மாதிரி பச்சை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பொறி வந்தது, நீல நிறம்.

11:35
டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. கொட்டிவிட்டேன். புல்வெட்டும் மெஷினின் கேனில் மூன்று லிட்டர் இருந்தது. ஆயில் கலந்து ஊற்றினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளை அடைப்பு. பிரஷ் முடி ஒன்றைப் பிடுங்கிக் குத்தினேன். காத்தவராயன் செய்வதுபோல வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்காலுக்குக் கீழே ரத்தம். வலி தெரியவில்லை. இதெல்லாம் நல்லதற்கில்லை என்று தெரியும்.

12:25
ஓடியது! சரியாக ஆறு நிமிடம். பிறகு இருமி இருமி நின்றது.

13:10
இரண்டாம் முறையும் ஆறு நிமிடம். இறக்கம்தானே, உருட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். நடுவில் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம் இருக்கிறது. டாக்டர் பட்டம் வாங்கிய மூளைக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

13:30
மூன்றாம் முறை நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவு துளை. அது மேல் காய்ந்து கல்லான சந்தனம், குங்குமத்தோடு. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

சந்தனத்தை வைத்தது நான்தான். போன ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி நிறுத்தி, என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார். மூடி மேல் தாராளமாக அப்பினேன். "அங்கன வேணாம் மேடம், அது வண்டி மூச்சு விடுற எடம்" என்றார். வண்டிக்கு உயிர் இருப்பதாக நம்புகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் வைத்ததென்பதால் துடைக்காமல் விட்டிருக்கிறார்.

கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். கிளம்புகிறேன்.

14:53
கடைசி வளைவு. வண்டி நிற்கவே இல்லை. மரங்களின் இடைவெளியில் கீழே பவர் ஹவுஸ் முற்றம் தெரிகிறது; அங்கிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். சட்டைப் பையில் ரேடியோ கத்தியது, முபாரக் குரல். நிறுத்திக் காதில் வைத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"டேய் நிறுத்துங்கடா, சார்ஜ் பண்ண வேணாம்! அது அண்ணன் வண்டிச் சத்தம்டா! அண்ணன் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்."

ஆறு பேரும் டிரான்ஸ்பார்மரை விட்டு வாசல் கேட்டுக்கு ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பெண். பச்சைச் சேலை.

இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். யாராவது திரும்பி சுவிட்ச் பக்கம் போனால் உடனே போவேன். யாரும் போகவில்லை. எல்லோரும் சாலையைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

15:12
புயல் வந்துவிட்டது: பையில் இருந்த திசைகாட்டியின் முள் இரண்டு நிமிடம் துடித்தது. லைனில் மின்சாரம் இல்லை. எதுவும் வெடிக்கவில்லை. ஆறு பேரும் நிற்கிறார்கள்.

15:30
"அண்ணே, ஏண்ணே அங்கனயே நிக்கிறீங்க? வண்டிக்கு என்ன? வாங்கண்ணே. மதினி உங்களுக்குச் சோறு எடுத்து வெச்சிருக்கு."

என்ஜினை அணைத்தால் அவர் வரவில்லை என்று தெரிந்துவிடும். இறங்கிப் போனாலும் தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.