பவுனம்மாளின் வசனங்கள்

சுங்கை வே,
பெட்டாலிங் ஜெயா.

பெர்த்தில் இருக்கும் மகள் ஷாமினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் பத்துமலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே விடாத மழை. துணி காயவில்லை என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தீபாவளியன்று போனை வைத்த பிறகு என் அழைப்பை நீ எடுக்கவில்லை. செய்திகளையும் திறக்கவில்லை. அதனால் உன் தோழி வைஷ்ணவியிடம் கெஞ்சி முகவரி வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

இத்தனை வருஷம் கழித்து நீயாகக் கூப்பிட்டாய். சந்தோஷத்தில் யோசிக்காமல் போனை அம்மா காதில் வைத்துவிட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே? இந்த வீட்டுல உனக்கு யாரும் கிடையாது, போ" என்று அம்மா சொன்னதை நானும் கேட்டேன். "பேச்சே வரலன்னு சொன்னீங்க. என்னைத் திட்ட மட்டும் வருதாப்பா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். நான் பொய் சொல்லவில்லை ஷாமினி. அது அம்மாவின் பேச்சு இல்லை. பவுனம்மாளின் பேச்சு.

பவுனம்மாள் என்ற மாமியார் வேஷத்தில் அம்மா நடித்த தொடர் உனக்கு நினைவிருக்காது. அப்போது நீ சின்னப் பிள்ளை. டிவியில் அம்மா கத்தினால் நீ பயந்து அழுவாய் என்று அவளே அதை அணைத்துவிடுவாள். ஆனால் ஊர் முழுக்கப் பார்த்தது. பிரிக்பீல்ட்ஸில் பூ விற்ற ஒரு பெண், "மருமகள இந்தப் பாடு படுத்துறீங்களே, உங்களுக்குப் பூ கிடையாது ஆன்டி" என்று கூடையை மூடிவிட்டாள். அன்று வீடு வரும்வரை அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. நடிப்பு எடுபட்டுவிட்டது என்று பெருமை.

வயது ஏற ஏற வேஷம் சுருங்கியது. கடைசி நாடகத்தில் சுவரில் மாலை போட்ட போட்டோவாக மட்டும் வந்தாள். அதைப் பார்த்த அன்று டிவியை அணைத்துவிட்டு, "இவ்ளோ நாள் மத்தவங்க எழுதுனதப் பேசிட்டேன். இனி என் வார்த்தைய நான் எழுதறேன்" என்றாள். அடுத்த வாரமே எழுத உட்கார்ந்தாள். சுங்கை வே தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய முதல் நாவல் வந்தபோது, அந்தப் பெண்களே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். அம்மா அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது நாவலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ விஜயனோடு வாழ முடியாமல் விட்டு வந்ததை அம்மா அதில் எழுத, ஊரே படித்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் அவன் வீட்டாரும் படித்தார்கள். "பேர மாத்திட்டேனே" என்று அம்மா சொன்னாள். "அழுதது நான்தானேம்மா" என்று நீ கேட்டாய். அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாய். அவள் செய்தது சரி என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் பக்கவாதம் வந்து விழுந்ததை முன்பே சொல்லியிருக்கிறேன். கை, கால் ஓரளவு மீண்டன. பேச்சு மீளவில்லை. எழுத்தும் போய்விட்டது. தன் நாவலைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். மூன்றாவது நாவல் பாதியில் நிற்கிறது. வேறு யாரையாவது வைத்து முடிக்கலாமா என்று கேட்க வந்த பதிப்பாளர் தம்புசாமி, அவளைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமலே எழுந்து போனார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருவது ஒரு மலாய்ப் பெண். ஒரு நாள் குடைப் படத்தைக் காட்டினாள். அம்மா வாயைக் கோணி, முக்கி, திடீரென்று, "என் வீட்டு வாசல்ல நிக்க உனக்கு என்னடி தகுதி" என்றாள். ஏற்ற இறக்கம் கூடத் தப்பவில்லை. தமிழ் தெரியாத அந்தப் பெண், ஆன்டி பேசிட்டாங்க என்று கைதட்டினாள். அம்மா கண்ணில் தண்ணீர். மனப்பாடம் செய்தது மூளையில் தங்கியிருக்கலாம், தானாகச் சொல்ல நினைப்பதுதான் வராது என்று பிறகு டாக்டர் விளக்கினார்.

வீட்டிலும் அப்படித்தான். பப்பாளியைச் சீவி என் தட்டில் வைத்துவிட்டு, "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்பாள். நான் சாப்பிடுவேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாது. தான் சொல்வது அவள் காதிலும் விழுகிறதே.

தீபாவளியன்று நீ வைத்த பிறகும் அவள் போனைக் கொடுக்கவில்லை. நைட்டி நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து, அதே வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். உன்னிடம் என்ன சொல்ல நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புத்தான் கேட்டாள் என்று நானாகச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

போன வாரம் பக்கவாதம் மறுபடி வந்துவிட்டது. மூளையில் இரத்தக் குழாய்கள் கெட்டுவிட்டன, இன்னும் வரும், வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நீளமான வசனங்கள் எல்லாம் போய்விட்டன. "யாருடி நீ?" என்ற ஒன்றுதான் இப்போது மிச்சம். காலையில் காப்பி கொடுக்கும்போது என்னையும் அப்படித்தான் கேட்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்பதால் என்னைத் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ வந்தால் உன்னையும் அதைத்தான் கேட்பாள். இன்றைக்கு அது வெறும் வசனம். இன்னும் கொஞ்ச நாள் போனால் நிஜமாகவே கேட்பாளோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் வந்துவிடு. நீ அவளை மன்னிக்க வேண்டாம். அவள் கேட்கும்போது, ஷாமினிம்மா என்று உன் பேரை மட்டும் சொல். அது போதும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, மகளே.

உன் அப்பா,
யுகேந்திரன்