வாயிலைத் திறக்காத அதிகாரி

மாடிப்படி ஏறும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டு வரும் என் பிரியமான மாமாவுக்கு,

நம் நாடகத்தின் கடைசிப் பகுதி வெளியாகிவிட்டது. நீங்கள் இல்லாமல்தான். உங்களைக் கேட்காமல் முடித்துவிட்டேனே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் குரலை மட்டும் அறிந்தவர்கள் பலர், "அந்த அதிகாரி ஏன் கடைசிவரை வாயிலைத் திறக்கவில்லை?" என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே நடுநடுவே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருமகளாக வந்த நம் நெல்லித்தோப்பு வீட்டைச் 'சொல்தா வீடு' என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதானே பெயர். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் உங்கள் மெடல்கள் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். நீங்கள் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, "காப்பி சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதை உங்கள் அடக்கம் என்றே நான் நினைத்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறைச் சுவரில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, நானும் தினேஷும் ஒலி நாடகம் பதிவு செய்து இணையத்தில் வெளியிடுவோம். தினேஷ் என்னோடு கல்லூரியில் படித்தவன், சாரம் பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன். கதை என்னுடையது. மணல்நிலா என்று ஒரு நிலா. அங்கே சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை நம்பி வாழும் ஜனங்கள். வேறொரு கோளிலிருந்து வந்த படை அவர்களை அடக்கி, அந்தத் தண்ணீரைத் தன் காவலில் வைத்திருக்கிறது. சுரங்க வாயிலில் அந்தப் படையின் சின்ன அதிகாரி ஒருவன் நிற்கிறான். பெயர் தாவன். அவனுக்கு நான் கொடுத்திருந்தது ஒரே ஒரு காட்சி.

அன்றைக்கு அவனுக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் வரவில்லை. மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்த உங்களை தினேஷ்தான் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், ரெண்டு வரி பேசிட்டுப் போங்களேன்."

"நானா? எனக்கு நடிப்பெல்லாம் வராதுப்பா."

"நடிக்க வேணாம். படிச்சா போதும்."

நான் எழுதியிருந்தது அதட்டல். அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த பெண்ணைப் பார்த்து அவன் கத்த வேண்டும். நீங்கள் கத்தவில்லை. "சீட்டு இல்லாம விட முடியாதும்மா. நாளைக்கு வாங்க" என்று, வங்கியில் கவுண்ட்டர் மூடியபின் வந்தவரிடம் சொல்வதுபோல, அவ்வளவு தன்மையாகச் சொன்னீர்கள். தினேஷ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். கத்துகிற அதிகாரி என்றால் கோபம் வரும், அதோடு போய்விடும். இவன் பேசியதை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கேட்டவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அந்த அதிகாரி யார், மறுபடி வருவானா என்று விசாரித்தார்கள். சிலர் அவனைத் திட்டினார்கள். சிலருக்கு அவன்மேல் பரிவு வந்துவிட்டது. நான் அவனை எல்லாப் பகுதியிலும் எழுத ஆரம்பித்தேன். நீங்களும் ஒவ்வொரு ஞாயிறும் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மாடி ஏறினீர்கள். "குரலுக்கு எதுக்கு மாமா இஸ்திரிச் சட்டை?" என்று கேட்டேன். "டியூட்டிம்மா" என்று சிரித்தீர்கள்.

பிறகு நான் கடைசிப் பகுதியை எழுதினேன். தாகத்தில் தவிக்கும் கூட்டம் வாயிலுக்கு வருகிறது. சுடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. தாவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வாயிலைத் திறக்கிறான். ஜனங்கள் தண்ணீரை நோக்கி ஓட, அவன் தன் சொந்தப் படையின் குண்டுக்கே பலியாகிறான். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. தினேஷ் படித்துவிட்டு, "இதுதாண்டி கிளைமாக்ஸ்" என்றான்.

நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தீர்கள். வெளியே மழை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"இது வேணாம், அமுதா."

"ஏன் மாமா? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் தொறக்கமாட்டான். நான் தொறக்கல."

அதற்கப்புறம்தான் சொன்னீர்கள். "பாலைவனத்துல ஒரு ரோடு. குறுக்க கம்பிய போட்டுக்கினு நிப்போம். அவங்க ஊர்ல அவங்க நடந்து போறதுக்கு எங்ககிட்ட சீட்டு காட்டணும். ஒரு பொம்பள வந்தா, கையில கொழந்த. காய்ச்சல். அந்தாண்ட ஆஸ்பத்திரி. அவகிட்ட சீட்டு இல்ல. நான் கத்தலம்மா, திட்டல. தண்ணி குடுத்தேன். என் பிஸ்கட்ட குடுத்தேன். சீட்டு எழுதுற ஆபீசர் நாளைக்கு வருவாரு, வாங்கன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டுத் திரும்பி நடந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வரல."

குழந்தைக்குத் தானாகவே சரியாகியிருக்கலாமே என்றேன். வேறு வழியாகப் போயிருக்கலாமே என்றேன். "இருக்கலாம்" என்றீர்கள். "நானும் அப்படித்தான் நெனச்சிக்கறது."

கதைதானே மாமா, கதையிலாவது அவன் திறக்கட்டுமே என்று கெஞ்சினேன். நீங்கள் குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னீர்கள். "அவன் தொறந்துட்டான்னா எல்லாரும் அவனுக்காக அழுவாங்க. அந்தப் பொம்பளைய யாரு நெனப்பா? எனக்கு வராத நல்ல பேர நீ வாங்கிக் குடுக்காதம்மா."

இத்தனை வருஷம் இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டா? எல்லாரும் மெடலத்தான் கேட்டாங்க" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றேன். "தக்கோர்" என்று தலையசைத்தீர்கள். நீங்கள் சம்மதம் சொல்வது எப்போதும் பிரெஞ்சில்தானே. அந்த ஞாயிறு வரவில்லை மாமா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து தினேஷ் வந்தான். தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தான். உங்கள் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் எந்த வசனத்தையும் அது உங்கள் குரலிலேயே பேசிவிடுமாம். நான் எழுதிய அந்தப் பழைய கிளைமாக்ஸிலிருந்து ஒரு வரி செய்தும் வைத்திருந்தான். "கேட்டுட்டு வேணாம்னா வேணாம் அமுதா" என்று சொல்லிப் போட்டுக் காட்டினான்.

"போங்கம்மா. எல்லாரும் போங்க. நான் தடுக்கமாட்டேன்."

நீங்களேதான். மூச்சு வாங்குவதுகூட நீங்கள்தான். கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை, முறத்தோடு மாடிக்கு ஓடி வந்தார்.

"யாரு பேசனது?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "இது எங்க பேசனாரு? எனக்குத் தெரியாதே" என்றார். கம்ப்யூட்டர் பேசியது என்று தினேஷ் விளக்கினான். அதற்குமேல் எதையும் ஒளிக்க எனக்கு மனசு வரவில்லை. மழை நாளில் நீங்கள் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அத்தையிடம் சொல்லலாமா என்றும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. நான் செய்தது சரிதானா மாமா?

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதானா" என்றார். "கேட்டுக்கு வெளிய ஒருத்தர் நின்னா இந்த மனுசனுக்குத் தாங்காது. கூரியர் குடுக்க வந்தவனக்கூட உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பாரு. நான் கத்துவேன், கண்டவன உள்ள விடறீங்களேன்னு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "இந்த மிசினு பேசறத அப்படியே போட்டுடேன் அமுதா. ஒரு தடவயாவது தொறந்தாருன்னு இருக்கட்டும்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அத்தை வேண்டும் என்கிறார். போய்விட்டவர் சொல்லைக் காப்பதா, எதிரே உட்கார்ந்து அழுகிறவரைத் தேற்றுவதா? பல நாட்கள் எனக்குத் தூக்கமில்லை. உங்கள் பிள்ளையிடம் கேட்டால், "நீயாச்சு, உங்க மாமனாராச்சு" என்று நழுவிவிட்டார்.

கடைசியில் எழுத உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. தாவனை என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கூட்டத்தை எடுத்துவிட்டேன், குண்டை எடுத்துவிட்டேன். வாயில் மூடியே இருக்கிறது. கையில் குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் பேசுகிறாள். தாவன் பேசுவதே இல்லை. பழைய பதிவிலிருந்துகூட உங்கள் குரலை எடுக்கவில்லை. மணல் காற்றின் சத்தம் மட்டும்.

அவள் குரலுக்கு அத்தையைக் கேட்டேன்.

"நான் இன்னாத்தம்மா பேசுவேன்?" என்று மறுத்தார். பிறகு அவராகவே ஒரு மத்தியானம் தலை வாரிக்கொண்டு மேலே வந்தார். நான் எழுதிக் கொடுத்தது கெஞ்சல். அத்தை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மைக்கைப் பார்த்து, எதிரே ஓர் ஆள் நிற்பதுபோலவே பேசினார்.

"கொழந்தைக்கு உடம்பு சுடுதுப்பா. நீ நல்லாத்தான் பேசற. தண்ணி குடுத்த, குடிச்சேன். நான் திரும்பிப் போறேன். எனக்குப் போறதுக்கு ஒரு வழி இருக்கு. நீதான் பாவம், இந்தக் கம்பிய புடிச்சிக்கினு எத்தினி வருசம் நிப்ப?"

தினேஷ் பதிவை நிறுத்தவே மறந்துவிட்டான். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குக்கர் வெச்சிட்டு வந்தேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அந்த இயந்திரக் குரலைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

இப்போது நிறையப் பேருக்கு என்மேல் கோபம். ஏமாற்றிவிட்டாய் என்கிறார்கள். இலங்கையிலிருந்து போய் வெளிநாட்டில் வாழும் ஓர் அம்மா மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "எங்கட ஊர்ச் சோதனைச் சாவடியிலயும் மரியாதையாக் கதைக்கிற ஆமிக்காரன் ஒருத்தன் நின்றவன். அவனிட்ட இருந்தும் நாங்கள் திரும்பித்தான் போனனாங்கள். அவனை நீங்கள் நல்லவனாக்காமல் விட்டது எனக்கு ஆறுதலாக் கிடந்தது, பிள்ளை." அதை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் கேட்க வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மாமா, கம்ப்யூட்டர் செய்த அந்த வரியை தினேஷ் என் கண் எதிரிலேயே அழித்துவிட்டான். நீங்கள் சொல்லாத எதையும் உங்கள் குரலில் யாரும் சொல்ல நான் விடமாட்டேன். அடுத்த கதையை, திரும்பி நடந்த அந்தப் பெண்ணிடமிருந்து தொடங்கப்போகிறேன். அவளுக்குப் பெயர் இருக்கும், வீடு இருக்கும், கோபமும் இருக்கும். அந்தக் குழந்தை பிழைத்ததா என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல ஒருநாளும் எழுதமாட்டேன். இது சத்தியம்.

உங்களை மாமா என்று கூப்பிட்டாலும் அப்பாவாகவே நினைத்த
உங்கள் வீட்டு மருமகள்,
அமுதா