நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்

மகள் வீட்டில் நேற்று ஒரு டிரெட்மில் வந்து இறங்கியது. ஓடவிட்டால் வேகத்தை மைல் கணக்கில் காட்டியது. மருமகன் ஒரு பொத்தானை அழுத்தினார், கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. "இம்புட்டுத்தான், அத்தை" என்றார். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கு அது வாரக்கணக்கான வேலையாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம், நமக்குக் கல்யாணமான வருஷம். தல்லாகுளத்தில் மாடி வீடு. நான் கணக்கு டீச்சர். நீங்கள் நாகமலைக்கு அப்பால் ஒரு துணி மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். துணி உலர்த்தும் எந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் புதிதாக வந்த டிரைவ் பெட்டி, மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும் முள்ளில் காட்டியது. எந்திரம் ஓட்டும் சோணைமுத்து அண்ணன் கேட்டாராம்: "மோட்டார் சுத்துறத வச்சு நான் என்ன செய்ய சார்? துணி எம்புட்டு ஓடுதுன்னு சொல்லுங்க." வேகம் கூடினால் துணி ஈரமாக வரும், குறைந்தால் கருகும். திட்டு விழுவது அவருக்கு.

"அந்த மனுஷன் கேக்குறது நியாயந்தானே" என்று சாப்பாட்டு நேரத்திலும் அதையே பேசினீர்கள். டிரைவ் பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, முள் எவ்வளவு நகரவேண்டும் என்பதை அதில் மாற்றலாம் என்றீர்கள். மோட்டாரின் சுற்று, பல்சக்கரம், உருளையின் சுற்றளவு எல்லாம் சேர்த்து நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். துணியில் சாக்பீஸால் குறியிட்டு, வாட்சைப் பார்த்துச் சோதித்தால் கணக்கு உதைத்தது. துணி கூடுதலாக ஓடியது. முகம் வாடி வீட்டுக்கு வந்தீர்கள்.

"ஏங்க, உருளை மேல எதையாச்சும் சுத்தியிருக்காங்களா?"

பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தீர்கள். "ஆமா! தடிமனா கம்பளித் துணி. நான் ஓரத்து இரும்பையில்ல அளந்துட்டு வந்தேன்!"

ஆயுத பூஜைக்கு மில்லுக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். முள்ளுக்குப் பின்னால் உங்கள் கையெழுத்தில் வெள்ளை அட்டை: "நிமிடத்துக்கு மீட்டர்". அத்தனை பேர் நடுவில், "கணக்கு இவுக போட்டது" என்றீர்கள். சோணைமுத்து அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் மில்லிலிருந்து திரும்பும்போது உங்கள் ஸ்கூட்டரை லாரி அடித்துவிட்டது. சேதி சொல்ல வந்தவர் சோணைமுத்து அண்ணன்தான். வாசலில் நின்று "டீச்சரம்மா" என்றார். தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் நிறைமாதமாக இருந்தேன்.

பிள்ளை பிறந்த பிறகு உங்கள் சாமான்களை வாங்க மில்லுக்குப் போனேன். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் நீங்கள் எழுதிய நாற்பதின் மேல் முள் லேசாக நடுங்கியது.

"அட்டையக் கழட்டித் தரவா தாயி?" என்றார் சோணைமுத்து அண்ணன்.

"வேண்டாண்ணே. நீங்க எதைப் பார்த்து ஓட்டுவீங்க?"

பின்னாளில் மில்லை மூடி, எந்திரத்தை உடைசலுக்குப் போட்டார்கள். அன்றே அட்டையை வாங்கி வந்திருக்கலாம் என்று சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து அண்ணன் துணி கருகாமல் ஓட்டினாரே என்று அதே நெஞ்சு சமாதானமும் சொல்கிறது.

நேற்று இந்த வருத்தத்தையும் சமாதானத்தையும் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா எப்படிம்மா சிரிப்பாரு?" என்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவள் கேட்டதில்லை. சிரித்துக் காட்டப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. எனக்குள்ளே உங்கள் சிரிப்பு அப்படியே கேட்கிறது. எடுத்து அவளுக்குக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.