முகக்கவசத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் அம்மாவுக்கு மூச்சு சீராக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மட்டும் பாதியில் நின்று சுவரில் ஏதோ அழுக்கு இருப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி ஏறுகிறாள், நாங்கள் கண்டுபிடிக்கக் கூடாதாம். நீ சுகமா, அங்கே குளிர் குறைந்ததா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் நான் கேட்டதாக வைத்துக்கொண்டு பதிலை எழுது, எனக்கு இன்றைக்குக் கேள்வி கேட்கிற பொறுமை இல்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டோம். காலையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று வந்த பெற்றோருக்கெல்லாம் வணக்கம் சொல்லியிருக்கிறேன், தலைமை ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, கடைசியில் மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன்தான் சார் உங்க பாக்கெட் உள்ள போயிருச்சு என்றான். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்குவாள், அவள் முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வரி விடாமல் படி, நடுவில் தாவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் தங்கை மிளகு விஷயம்தான் முக்கியம், ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். திறக்கலாம் என்று உத்தரவு வந்த அன்று நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக ஆளில்லாத வகுப்பறைகளைத் தினமும் திறந்து மூடுகிறவனுக்குத்தானே அது புரியும். உன் அம்மாவோ தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல், உங்க பள்ளிக்கூடத்த நீங்க தொறந்துக்குங்க, மிளகு வரமாட்டா என்றாள். நீயும் போனில் அவளோடு சேர்ந்துகொண்டு அனுப்பாதேம்மா என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தபோது விமானமும் இல்லாமல் வழியும் இல்லாமல் அங்கே தனியாக உட்கார்ந்து நீ அழுதது எனக்குத் தெரியும். பயப்படாதே என்று உனக்கும் அவளுக்கும் எந்த வாயால் சொல்வேன். ஆனால் எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்த புதிதில் மிளகிடம் நாம் எல்லோரும், அம்மாவுக்கு மூச்சு வாங்குது சத்தம் போடாதே என்று சொன்னோம் அல்லவா, நீயும் வீடியோவில் வாயில் விரல் வைத்துக் காட்டினாய். அம்மா தேறிவிட்டாள், ஆனால் போதும் இனிமேல் சத்தம் போடலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் கிசுகிசுப்பிலேயே நின்றுவிட்டாள். காரத்துக்காக வைத்த பெயர், இப்போது காதை வாயருகே கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறாள் என்று தெரியும். அம்மா ஒரு தடவை இருமினால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். போன் வகுப்பில் முதலாம் வகுப்பு முழுவதையும் மியூட்டிலேயே படித்து முடித்தவள் அவள் ஒருத்திதான்.

பெற்றோர் கூட்டத்தை மைதானத்தில் வைத்தோம். நாற்காலிகளைக் கை தூரத்தில் போட்டோம், அதாவது பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டினால் நம் மேல் படக் கூடாது, பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பாதிப் பிள்ளைகள் ஒருநாள் மீதிப் பிள்ளைகள் மறுநாள், பெஞ்சுக்கு ஒருவர், கேட்டருகே கை கழுவக் குழாய், காய்ச்சல் என்றால் வீட்டோடு இருக்க வேண்டும், என்று நான் மைக்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்பவர்கள் கேட்கலாம் என்றேன். பின்வரிசையில் முகக்கவசம் போட்ட ஒரு அம்மா எழுந்தார். யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான். சார், என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க உறுதி குடுப்பீங்களா என்று கேட்டாள். மைதானமே அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் சார் என்று கூப்பிட்டதே இல்லை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கண்டிப்பாக என்று சொல்லிவிட்டால் எல்லோரும் கைதட்டிக் கலைந்துவிடுவார்கள். ஆனால் மென்று முழுங்கிவிட்டு, இல்லம்மா, அந்த உறுதிய என்னால குடுக்க முடியாது, என்னென்ன செய்வோம்னுதான் சொல்ல முடியும் என்றேன். பெண்டாட்டியை அம்மா என்று மைக்கில் கூப்பிட்டதற்கு ஐந்தாம் வகுப்பு வாத்தியார் இன்றைக்கு வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், நானும் எனக்கு வந்த அளவுக்குத் தூக்கினேன். நடுவில் மிளகுதான் தபால்காரி. அப்பா, அம்மா உங்கள சாப்பிட வரச் சொன்னாங்க என்று என் காதில் கிசுகிசுப்பாள், போய் அம்மாவின் காதில் நான் பசிக்கவில்லை என்று சொன்னதைக் கிசுகிசுப்பாள், திரும்பி வந்து பசிக்கலேன்னா தட்ட எடுத்துருவாங்களாம் என்று கிசுகிசுப்பாள். நான் எழுந்து ஓடிப்போய்ச் சாப்பிட்டேன். வேறென்ன செய்ய.

பிறகு ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது உன் அம்மா மிளகையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கொசுவத்திச் சுருள், ஒரு தீப்பெட்டி. நேராக இரண்டாம் வகுப்பு அறைக்குப் போய் மேசையில் சுருளைப் பற்றவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகை மேலே போய் அங்கேயே கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டது. பாத்துக்குங்க, ஒரு பிள்ள விட்ட மூச்சும் இப்படித்தான் நிக்கும், ஜன்னலத் தொறங்க என்றாள். நானா திறக்க மாட்டேன் என்கிறேன், அந்த ஜன்னல்கள் திறக்காது. ஏன் திறக்காது என்றால் அந்த அறைக்கு வர்ணம் அடித்தது உன் மாமா. அவருக்குச் சுவர் வேறு ஜன்னல் வேறு என்ற பாகுபாடெல்லாம் கிடையாது, மூடிக் கிடந்த ஜன்னல்மேல் அப்படியே மூன்று பூச்சுப் பூசிவிட்டுப் போய்விட்டார், நாங்களும் மின்விசிறி இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். உடனே அவருக்குப் போன் போட்டேன். உளியும் சுத்தியலுமாக வந்தவர், நான் அடிச்ச பெயின்ட் அவ்வளவு லேசுல பேராது மாப்ள என்று பெருமையாக ஆரம்பித்தார். அரைமணி கழித்து வியர்த்து விறுவிறுத்து, எந்த மடையன் இவ்வளவு கெட்டியா பூசினான் என்று அவரே திட்டிக்கொண்டிருந்தார். முதல் ஜன்னல் கீலோடு அவர் கையில் வந்துவிட்டது. இரண்டாவது படாரென்று திறந்தது. காற்று உள்ளே வந்தது பார், அந்தப் புகை மொத்தமும் மணியடித்ததும் ஓடுகிற பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. உன் அம்மா ஜன்னலருகே போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், நடுவில் தடுக்காத முழு மூச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கொசுவத்திப் புகைமேல் பழி போட்டேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மட்டும், அன்னைக்கு நீங்க உறுதி குடுத்திருந்தா நான் அனுப்பியிருக்கவே மாட்டேன், ஆஸ்பத்திரில எல்லாரும் ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க, பக்கத்துக் கட்டில் காலியாகுறப்பவும் அதேதான் சொன்னாங்க என்றாள். நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் வகுப்புக்கு முழுவதும் முகக்கவசம் தைக்கிறாள். பிள்ளைகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளும் என்று ஒவ்வொன்றிலும் காதோரம் ஒரு பொத்தான் வைத்தாள், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மீன் வடிவம். மிளகினுடையதற்கு மட்டும் உன் பழைய ஸ்வெட்டரிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானைக் கழற்றி வைத்தாள். அக்காவும் கூட வர்ற மாதிரி இருக்கட்டும் என்றாள். எனவே ஸ்வெட்டர் எங்கே என்று அடுத்த தடவை வரும்போது தேடாதே.

இனி இன்றைய கதை. இந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதுவரை பள்ளிக்கூடத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறார்கள். டீச்சர் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், டீச்சருக்குக் கால் இருக்கு என்று கத்தியிருக்கிறாள், எல்லோரும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பையன் கணக்கு ஆரம்பித்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், கேட்டால் வீடியோவ ஆஃப் பண்ணிட்டேன் என்கிறான். இன்னொருவன் வீட்டுப்பாடம் எங்கே என்றதும் கொஞ்சமும் யோசிக்காமல் நெட் போயிருச்சு டீச்சர் என்றான். நான் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆமாம், அந்தத் திறக்கிற ஜன்னல் வழியாகத்தான், தலைமை ஆசிரியர் செய்கிற வேலையா என்று கேட்காதே. டீச்சர் பெயர் கூப்பிட்டு வந்தார். மிளகின் முறை வந்தது. எழுந்து நின்றாள், முகக்கவசம் லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி அசைந்தது. உள்ளே போய்விடலாமா என்று காலை எடுத்தேன். அதற்குள் பச்சைப் பொத்தான் பையன், டீச்சர் அவ மியூட்ல இருக்கா என்றான். அவ்வளவுதான், ஒரு வருஷப் பழக்கம், மொத்த வகுப்பும் மியூட்ட எடு, மியூட்ட எடு என்று கத்த ஆரம்பித்துவிட்டது. மிளகு சுற்றும்முற்றும் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் கையைத் தூக்கிக் காதோரம் இருந்த அந்தச் சிவப்புப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, உள்ளேன் டீச்சர் என்றாள் பார், வராந்தாவில் நின்ற நான் ஒரு அடி பின்னால் போனேன். மைதானத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். அது நம் பழைய மிளகின் குரல், எனக்குத் தெரியாதா.

அதோடு நின்றால் பரவாயில்லையே. சாயங்காலம் டீச்சர் என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கி, சார் தப்பா நினைக்காதீங்க, உங்க சின்னப் பொண்ணு வாய் ஓயவே மாட்டேங்குறா, வீட்டுல கொஞ்சம் சொல்லி வைங்க என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருந்தது, விதி இடம் கொடுக்கவில்லை, கை தூரத்தில் நின்று ஒரு பெரிய கும்பிடு போட்டேன். பாவம், புதிதாக வேலைக்கு வந்தவர், புகார் சொன்னதற்கு இப்படி ஒரு மரியாதையா என்று விழித்தார்.

வீட்டில் போய் ஒரு புகார் வந்திருக்கிறது என்று உன் அம்மாவிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் பயந்துபோய்க் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு என்றால் உனக்குத் தெரியுமே, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. சிரித்த சிரிப்பில் புரையேறி இருமல் வந்துவிட்டது. நான் சட்டென்று மிளகைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை. அம்மா இருமியதை அவள் கவனிக்கவே இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற பையனைப் பற்றி உச்சக் குரலில் சொல்லிக்கொண்டே வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாள். அம்மாவும் அதைப் பார்த்தாள். இருமலை முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போதாவது பத்து நிமிஷம் அந்தப் பட்டன அமுக்கிச் சத்தத்த நிறுத்தேன்டி என்று கெஞ்சிப் பார்த்தோம். அது ஆன் பண்றதுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை, அவர்களை நான் வற்புறுத்தவும் இல்லை. நாளைக்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அறையை மூடிவிட்டு மறுபடி போனுக்குப் போக வேண்டியதுதான், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறோம். கீலோடு வந்த ஜன்னலை மாட்ட உன் மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பெயின்ட் டப்பாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நீ இரண்டாவது ஊசியைத் தள்ளிப் போடாதே. நீ இருக்கிற அறையில் ஜன்னலைத் திற, குளிர்ந்தால் இன்னொரு சட்டை போட்டுக்கொள். இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு அங்கே நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எங்களுக்குச் சத்தத்தைத் தவிர வேறு தொல்லை இல்லை.

நீ நூறு வயசு வரைக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நினைத்தபோது நம் வீட்டு வாசலில் வந்து இறங்குகிற காலம் சீக்கிரம் வர வேண்டும். அம்மா தன் பங்குக்கும் ஆசீர்வாதம் எழுதச் சொல்கிறாள், தனியாக ஒரு முத்தமும்.

இப்படிக்கு, சட்டையைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டுவிட்ட
உன் அப்பா

ஞாபகம் இருக்கட்டும்: சனிக்கிழமை உன்னோடு பேசப் போவது மிளகு. எப்போதும்போல் அவள் கிசுகிசுப்பாள் என்று போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொள்ளாதே, கை தூரத்தில் பிடி.